பக்க அறை

இடுப்பு இடித்தது. அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே இருந்த வழியில், நேற்று வரைக்கும் கையில் பால் பாத்திரத்தோடு உடம்பைத் திருப்பாமல் போய்வந்த அதே வழியில், இன்று அனுசூயாவின் இடுப்பு மேசை விளிம்பில் நன்றாகவே இடித்தது. போட்டிருப்பது மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் பழைய கோட். ஆள் பீப்பாய் மாதிரி ஆகிவிட்டால் இடிக்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பும்போது மறுபடியும் இடித்தது. கோட்டைக் கழற்றி முன் இருக்கையில் போட்டுவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு நடந்து பார்த்தாள். அப்போதும் இடித்தது.

கணவரிடம் சொல்லலாம். சொன்னால் விளக்கம் கிடைக்கும். பாலகிருஷ்ணனிடம் விளக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. விமான உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். உலகத்தில் எது பழுதானாலும் அதைச் சுற்றிச் சரிசெய்ய ஒரு கைப்பிடி கட்டாயம் இருக்கும் என்று நம்புகிறவர். அனுசூயாவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்த வழி நேற்று இருந்த அகலத்தில் வேண்டியிருந்தது.

அவர்கள் தங்கியிருந்த வண்டி எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. புரோசார்டில் அவர்கள் வீட்டு வாசலில், கராஜ் கதவை மறித்துக்கொண்டு நின்றது. தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜனவரி. தண்ணீராக இறங்கித் தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகிவிடும் மழை. பிரெஞ்சு பேசும் இந்த ஊர்க்காரர்கள் அதை வெர்க்லா என்பார்கள். மின்கம்பிகள் கைப்பருமனுக்குப் பனிக்கட்டி கட்டித் தொங்கின, பிறகு அறுந்து விழுந்தன. கரண்ட் போன வீட்டில் வாளித் தண்ணீரின் மேல் பாலாடை படர்வதைப் போலப் பனி படர்ந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட ஹாலில் போட்டிருந்த கட்டில்களுக்குப் போய்விட்டார்கள். பாலகிருஷ்ணன் மட்டும் மாட்டேன் என்றார். "காஸ் ஹீட்டரோட ஒரு வீடே வாசல்ல நிக்குது அனு. அங்க போய் யாரோட குறட்டையைக் கேக்கணும்?"

வீடும் வண்டியும் ஒன்றாயிருந்த அந்த மோட்டார்ஹோமை அவர் இலையுதிர் காலத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் வாங்கினார். அதில் அப்போது புதிதாக வந்திருந்த வசதி ஒன்று இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுவிட்சை அழுத்தினால் பக்கச் சுவரின் பெரிய துண்டு ஒன்று, சாப்பாட்டு மேசை, எதிரெதிர் இருக்கைகள், ஜன்னல் எல்லாவற்றோடும், டிராயரை இழுப்பதுபோல வெளியே நகரும். உள்ளே நடமாட வழி கிடைக்கும். கிளம்பும்போது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டால் மேசை அடுப்புவரை வந்து அந்த வழியை அடைத்துவிடும். விற்றவர் அதை ஸ்லைட்-அவுட் என்றார். வீட்டில் அதற்குப் பக்க அறை என்று பெயர். எட்டு வயது ஸ்நேகாவுக்கு அந்த வண்டியில் பிடித்ததே அதுதான். ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்தால் இறங்கமாட்டாள்.

பழுதாவதென்றால் முதலில் அதுதான் பழுதாகும் என்று பாலகிருஷ்ணன் வாங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டார். அதனால் தயாராகவும் இருந்தார். உபரி ஃபியூஸ்கள் வாங்கினார். மோட்டார் நின்றுபோனால் வெளியிலிருந்து கையால் சுற்ற ஒரு இரும்புக் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். அறை தானாக உள்ளே நகர்ந்துவிடாமல் முட்டுக்கொடுக்க, வழியின் அகலத்தை அளந்து ஒரு மரக்கட்டையை அறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஃபியூஸைப் பிடுங்கி, கையாலேயே சுற்றி அறையை உள்ளே கொண்டுவந்து, பிறகு வெளியே தள்ளி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே என்ன ஆனாலும் கவலையில்ல" என்றார். பாவம் மனிதர்.

அவர் தயாராகாத ஒன்று இருந்தது. அதற்கு அனுசூயாதான் காரணம்.

வண்டி வாங்கினால் பூஜை போடாமல் எடுப்பார்களா? டொலார்ட் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் தடவி, வண்டியை ஏற்றி நசுக்கியாயிற்று. ஐயர் கற்பூரத் தட்டோடு திரும்பும்போதுதான் அனுசூயாவுக்கு அந்த யோசனை வந்தது. பக்க அறையும் ஓடுகிற சாமான்தானே, அதற்கும் ஒரு பழம் வைக்க வேண்டாமா? ஐயர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஓம், அதுவும் ஓடுறதுதானே அம்மா, வையுங்கோ" என்று சிரித்தார். வெளியே நீட்டி நின்ற அறையின் அடியில், இரும்புச் சட்டம் வண்டிக்குள் நுழைகிற இடத்தில் அவள் பழத்தை வைத்தாள். பாலகிருஷ்ணன் சுவிட்சை அழுத்தினார். அறை உள்ளே போய்ப் பொருந்தியது. நசுங்குகிற சத்தம் வரவில்லை. ஒரு சொட்டுச் சாறும் வரவில்லை. அறையைத் திரும்ப வெளியே தள்ளி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பழமும் இல்லை, தோலும் இல்லை.

"எங்கயாவது உருண்டு போயிருக்கும்" என்றார் பாலகிருஷ்ணன்.

ஐயர் இப்போது சிரிக்கவில்லை. "இது உயிர்க்காவுக்குப் பதிலா வைக்கிறது ஐயா. வைச்சது நசியவேணும். வடிவாத் தேடிப் பாருங்கோ. பேந்து வந்து என்னட்டைக் கேட்டால் நான் ஒண்டும் செய்யேலாது."

அவர்கள் வடிவாகத் தேடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வீட்டுக்குப் போகிற பாலத்தில் டிராஃபிக் பிடித்துக்கொள்ளும் என்று பாலகிருஷ்ணன் அவசரப்படுத்தினார். அனுசூயாவும் வண்டியில் ஏறிவிட்டாள்.

இப்போது பால் சூடாகிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஜனவரியில் இந்த ஊரில் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே இருட்டு வந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும். காஸ் வாடை, ஈரக் கம்பளி வாடை, உருகும் மெழுகின் வாடை என்று காலையிலிருந்து வண்டிக்குள் அடைந்து கிடந்த எல்லா வாடைகளுக்கும் நடுவிலிருந்து, யாரோ இப்போதுதான் நகத்தால் தோலைக் கீறியதைப் போல, பச்சையாக, கூர்மையாக, எலுமிச்சை வாசனை வந்தது. அவள் மூக்கை வைத்துத் தேடினாள். வண்டிச் சுவருக்கும் பக்க அறைக்கும் நடுவில் இருந்த ரப்பர் பட்டையின் இடுக்கிலிருந்து வந்தது. அந்த இடுக்குக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியும் பனிக்கட்டியும்தான். ஆனால் அங்கிருந்து வந்த காற்று இளஞ்சூடாக இருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஹீட்டர் காற்றுதான் சுற்றி வருகிறது என்று நினைக்கப் பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை.

"ஸ்நேகா, பால்" என்று டம்ளரை மேசைக்கு மேலாக நீட்டினாள்.

ஸ்நேகா ஜன்னலோரத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். காலையில் இப்படித்தான் கொடுத்தாள், விரலோடு விரல் பட்டது. இப்போது அம்மாவின் கைக்கும் பெண்ணின் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி நின்றது. அனுசூயா டம்ளரை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டாள். ஸ்நேகா முட்டிபோட்டு எழுந்து, மேசைமேல் கவிழ்ந்து அதை எட்டி எடுத்தாள்.

"மேசை பெருசாயிடுச்சும்மா" என்றாள், சாதாரணமாக. "இப்ப நல்லா இருக்கு. நிறைய பிளாஸ் இருக்கு." பாதிப் பேச்சு பிரெஞ்சில்தான் வரும் அவளுக்கு, நிறைய இடம் இருக்கிறது என்கிறாள்.

வழி குறுகியிருக்கிறது. குழந்தை தள்ளிப் போயிருக்கிறாள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அனுசூயாவால் முடியவில்லை. மேசை இந்தப் பக்கம் வந்திருந்தால் குழந்தையும் கூடவே கிட்டத்தில் அல்லவா வந்திருக்க வேண்டும்.

பாலகிருஷ்ணன் குல்லாவிலிருந்து பனித்துகளை உதிர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். பக்க அறையின் கூரையில் கட்டியிருந்த பனிக்கட்டியைத் துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டு வருகிறார். முகம் சிவந்து, வேலை செய்த திருப்தியோடு இருந்தார்.

"ஏங்க, இந்த அறை உள்ள வந்திருக்கு."

"வராது. ராத்திரியே ஃபியூஸைப் புடுங்கிட்டேன்."

"நடந்து பாருங்க."

நடந்தார். அவருக்கும் இடித்தது. குனிந்து சட்டத்தைத் தடவினார், ரப்பர் பட்டையை அழுத்தினார். "ஐஸ் வெயிட்டு. கூரை சாயுது, சாஞ்சா கொஞ்சம் உள்ள தள்ளும். சிம்பிள்." மரக்கட்டையை எடுத்து வழியின் குறுக்கே, மேசைக் காலுக்கும் அடுப்புப் பலகைக்கும் நடுவே தரையில் வைத்தார். கட்டை உட்காரவில்லை. மில்லிமீட்டர் பிசகாமல் அவரே அளந்து அறுத்த கட்டை இப்போது வழியைவிட நான்கு விரல் அதிக நீளமாக இருந்தது. அதைத் திருப்பி மறுமுனையை வைத்துப் பார்த்தார்.

"ஈரத்துல மரம் ஊதியிருக்கும்" என்றார்.

நான்கு விரல் ஊதுகிற மரத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் ரம்பத்தை எடுத்துவந்து கட்டையைக் குறைத்து அறுத்து, சுத்தியலால் தட்டி இறுக்கமாக முட்டுக்கொடுத்தார். இனி ஒரு யானை வந்து தள்ளினாலும் நகராது என்றார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாங்க. எனக்கு இங்க வேண்டாம்."

"தெருவெல்லாம் கம்பி அறுந்து கிடக்கு. இருட்டுல குழந்தையை எப்படிக் கூட்டிட்டுப் போறது? காலைல பாப்போம்."

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்றாள். எரிச்சலாக வந்தது, எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே எங்கேயோ ஒரு மேப்பிள் கிளை பனிக்கட்டியின் கனம் தாங்காமல் முறிந்து, அதன் சில்லுகள் தெருவெங்கும் கலகலவென்று கொட்டின. அடுத்த தெருவில் இன்னொன்று. நடுநடுவே வந்த நிசப்தத்தில் ஹீட்டர் விசிறி சுற்றுவதும், ஸ்நேகாவின் பென்சில் தாளில் உரசுவதும், அவை இரண்டுக்கும் கீழே, தரைக்கு அடியில், ஈரக் கோணிப்பையை யாரோ சிமெண்டில் மெதுவாக இழுத்துப்போவது போன்ற ஒரு சத்தமும் கேட்டன. மோட்டார் சத்தம் இல்லை. மோட்டாரின் ஃபியூஸ் பிடுங்கிக் கிடந்தது. இழுத்தது. நின்றது. இழுத்தது.

"கேக்குதா?"

பாலகிருஷ்ணன் குனிந்து தரையில் கையை வைத்துப் பார்த்தார். அவருக்குக் கேட்டிருந்தது.

இருவரும் எழுந்து திரும்பிப் பார்த்தபோது மரக்கட்டை தரையில் இல்லை. அடுப்பின்மேல் இருந்தது. உடையவில்லை, பிளக்கவில்லை. அடுப்புக் கம்பிகளின்மேல், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், எடுத்து ஓரமாக வைத்ததுபோல் நேராகக் கிடந்தது. வழி இப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது.

"ஸ்நேகா, நீ எடுத்தியா?"

"இல்லப்பா." தலை நிமிராமல் சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பு எட்டாது. பால் டம்ளரே எட்டவில்லை.

பாலகிருஷ்ணன் இந்த முறை விளக்கம் சொல்லவில்லை. அதுதான் அனுசூயாவை அதிகமாகப் பயமுறுத்தியது. அவர் கைப்பிடியைத் தேடி எடுத்தார்.

"வெளியேருந்து சுத்தி முழுசாத் தள்ளிடறேன். தள்ளினா வழி கிடைக்கும். அப்புறம் அவளைத் தூக்கிட்டுக் கிளம்பிடலாம். பள்ளிக்கூடத்துக்கே போயிடலாம்."

"முதல்ல அவளைத் தூக்கிடறேன்."

"வேண்டாம் அனு. கட்டையும் இப்ப முட்டுல இல்ல. நீ தூக்கும்போது நகர்ந்துச்சுன்னா காலு நசுங்கிடும். அறை நகரும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது, அதுதான் ரூல்." குரலைத் தணித்து மகளிடம் சொன்னார். "ஸ்நேகா, காலை மடக்கி மேல வச்சுக்கோ. அப்பா சொல்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திரு. சரியா?"

"சரிப்பா."

அனுசூயாவுக்கு மனசே இல்லை. உடம்பு முழுக்க, அவளைப் பிடித்து இழு, இழு என்றது. ஆனால் இயந்திர விஷயம் என்றால் அவர் சொல்வதைக் கேட்டே பழகிவிட்டது. அடுப்பில் முதுகு சாய்த்து நின்றாள். கதவு திறந்து குளிர் வந்தது. கதவு மூடியது.

வெளியே கைப்பிடி மாட்டும் சத்தம். இரும்பில் இரும்பு உரசியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"போகுது அனு." ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவர் குரல். கண்ணாடியில் டார்ச் வெளிச்சம். "வெளிய போகுது. ஈஸியா போகுது."

மேசை விளிம்பு அவளை நோக்கி வந்தது.

மெதுவாகத்தான் வந்தது. ஸ்வெட்டரைத் தொட்டது. வயிற்றை அழுத்தியது. அவள் நுனிக்காலில் எழும்பினாள்.

"நிறுத்துங்க. உள்ள வருது."

"இல்ல அனு, வெளிய போகுது. நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஜன்னல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மெழுகுவத்தி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மேசையின் இந்த முனை அவள் வயிற்றில். அந்த முனை எங்கேயோ. அறை இரண்டு பக்கமும் வளர்ந்தது. நடுவில் மேசை. வெறும் மேசை.

"ஸ்நேகா. எழுந்து வா. மேசை மேல ஏறி வா."

"அப்பா நகரக்கூடாதுன்னு சொன்னாரும்மா." குரல் சின்னதாக வந்தது. ஹாலின் கோடியிலிருந்து பேசுவது போல.

"அம்மா சொல்றேன். வா."

வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

"அனு." அவர் குரல் மாறியிருந்தது. "முழுசா வந்துடுச்சு. இதுக்கு மேல சட்டமே கிடையாது." மூச்சு வாங்கினார். "நான் கையை எடுத்துட்டேன் அனு. இன்னும் போகுது."

பனியில் காலடிகள். ஓடுகிற காலடிகள். ஜன்னலைத் துரத்திக்கொண்டு போகிறார். வழுக்கி விழும் சத்தம்.

"பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டுடுச்சு." எங்கிருந்தோ கேட்டது. "நிக்கல. சுவரு உடையல. உள்ள போயிட்டே இருக்கு."

அனுசூயா மேசைமேல் பாய்ந்தாள். நெஞ்சு இடித்தது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து உடம்பை முன்னால் இழுத்தாள். ஒரு முழம். இன்னொரு முழம். பின்னால் விளிம்பு அடுப்பில் போய் முட்டியது. அவள் இடது கணுக்கால் நடுவில். எலும்பு மளுக்கென்று உடைந்தது. கத்தினாள். கால் வரவில்லை. இழுத்தாள். வரவில்லை.

அவர் குரல் இப்போது கேட்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேசை இருட்டுக்குள் நேராகப் போனது. இரண்டு ஓரத்திலும் இருக்கைகள், வரிசையாக, காலியாக. கோடியில் மெழுகுவத்தி, ஒரு மினுக்கு. அந்த வெளிச்சத்தில் ஸ்நேகா. விரல் நகம் அளவுக்கு. காலை மடக்கி மேலே வைத்திருந்தாள். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்நேகா" என்றாள். எலுமிச்சை வாசனை மட்டும் திரும்பி வந்தது.

ஸ்நேகா தலை நிமிர்ந்தாள். அம்மாவின் பக்கம் இல்லை. தனக்குப் பக்கத்தில், மெழுகுவத்தி எட்டாத இடத்தில், யாரோ பேசியதைக் கேட்டதுபோல் திரும்பினாள். தலையாட்டினாள். பிறகு பென்சில் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையில் நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம்விட்டாள்.